இன்டீரியர் டிசைன் படிக்கிறீர்களா? முதலில் டேப்பை எடுங்கள்

மென்பொருளுக்கு முன் அளவெடுக்கப் பழகுங்கள். 5 மீட்டர் டேப்போடு சொந்த வீட்டுச் சமையலறையிலேயே தொடங்கலாம். எல்லாவற்றையும் மில்லிமீட்டரில் குறியுங்கள்; ஆசாரி அங்குலத்தில் பேசினால், ஓர் அங்குலம் 25.4. நான்கு சுவர்களோடு இரண்டு மூலைவிட்டங்களையும் அளக்க வேண்டும். எதிர்ச்சுவர்கள் சமமாக இருந்தும் மூலைவிட்டங்கள் வேறுபட்டால் மூலை செங்கோணமாக இல்லை. அதைக் கவனிக்காமல் அலமாரி செய்தால், சுவரோரம் ஆப்பு வடிவில் இடைவெளி பல்லிளிக்கும். பூச்சு எங்குமே ஒரே சீராக இராது. அதனால் அலமாரி வரும் இடத்தின் அகலத்தைத் தரையில், இடுப்பளவில், மேலே என மூன்று இடத்தில் எடுத்து, மிகச் சிறியதை வைத்து வரையுங்கள். உத்தரத்தின் அடிமட்டம், ஸ்விட்ச் போர்டு, குழாய் விடுபடக் கூடாது. பிறகு 1:50 அளவில் (நிஜத்தில் 50 செ.மீ., தாளில் 1 செ.மீ.) தரைப்படம், 1:20 அளவில் சுவர்த்தோற்றம், அதாவது சுவரை நேரே பார்த்த படம்.

அடுத்து, பொருள். ப்ளைவுட் பலகை 8க்கு 4 அடி. எந்தத் துண்டு பலகையில் எங்கே வரும் என்று காட்டும் வெட்டும் படம் போட்டால்தான் எவ்வளவு வீணாகிறது என்பது தெரியும். சென்னையின் ஈரக்காற்றில், அதுவும் சிங்க்குக்குக் கீழே, ஐ.எஸ். 710 (மரைன் ப்ளைவுட்டுக்கான இந்தியத் தரம்) முத்திரை உள்ளதே தாங்கும். ஐ.எஸ். 303 எம்.ஆர். ரகம் (ஈரப்பதத்தை ஓரளவே தாங்குவது) படுக்கையறைக்குப் போதும். சிங்க்கடியில் வைத்தால் ஊறி அடுக்கடுக்காகப் பிரியும்.

போர்ட்ஃபோலியோவில் பளபளக்கும் பத்து 3டி படங்களைவிட, அளவுகளோடு ஒரே ஒரு சமையலறையின் முழு வரைபடத் தொகுப்பு மேல்.