பழைய அம்பாசடரைப் படம் எடுப்பது எப்படி?

நன்றாகப் பராமரித்த பழைய காரின் பெயின்ட், கிட்டத்தட்ட ஒரு கண்ணாடி. படத்தில் பாதிக்கு மேல் பதிவது காரைச் சுற்றியிருக்கும் வானமும் மரமும் மதிலும்தான். ஆகவே, கேமராவைவிட முதலில் கவனிக்க வேண்டியது இடமும் நேரமும். 1960-களின் வெள்ளை அம்பாசடர் ஒன்றை வைத்துப் பார்ப்போம்.

1. சூரியன் மறைந்ததும் வரும் 20 நிமிடம்தான் சிறந்த வெளிச்சம். திறந்த வெளியில், படம் எடுக்கும் பக்கம் மேற்கு வானத்தைப் பார்க்கும்படி நிறுத்துங்கள். நண்பகலில் கூரை வெளுத்து, பம்பருக்குக் கீழே இருட்டிவிடும்.

2. தூசியை உலர்ந்த துணியால் தேய்த்தால் கீறல் விழும். தண்ணீர் ஊற்றிக் கழுவி, மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றியெடுங்கள். குரோமில் நீர்த்துளி காய்ந்தால் வெள்ளைப் புள்ளி தங்கும்.

3. நீங்கள் நிற்கும் பக்கத்துக்கு எதிராக ஸ்டீயரிங்கைத் திருப்பினால் டயரின் தரையில் படும் பக்கம் மறைந்து, வீல் கப் (சக்கரத்தின் நடு மூடி) தெரியும். நின்ற இடத்திலேயே திருப்பாமல், கார் மெல்ல உருளும்போது திருப்பச் சொல்லுங்கள். பவர் ஸ்டீயரிங் இல்லாத வண்டி, இணைப்புகள் பாவம்.

4. காரின் நீளம் சுமார் 4.3 மீட்டர். 2 மீட்டரில் நின்று போனில் எடுத்தால் அருகிலுள்ள ஹெட்லைட் வீங்கி, பின்பக்கம் சுருங்கிவிடும். 8 மீட்டர் தள்ளிப் போய் 2x ஜூம் வையுங்கள். ஃபுல் ஃபிரேம் (பெரிய சென்சார் உள்ள) கேமராவில் 85 மி.மீ. லென்ஸ் என்றால் 12 மீட்டராவது வேண்டும். லென்ஸ் ஹெட்லைட் உயரத்தில் இருக்கட்டும். நின்றபடி எடுத்தால் கார் குட்டையாகிவிடும்.

5. ட்ரைபாட், ஐ.எஸ்.ஓ. (ஒளி உணர்திறன்) 100, லென்ஸ் துவாரம் எஃப்/8, 2 நொடி டைமர். எதையும் சாம்பல் நிறமாக்கப் பார்ப்பது கேமராவின் இயல்பு. அதனால் வெள்ளைக் கார் அழுக்காகத் தெரியும், எக்ஸ்போஷரை (படத்தின் வெளிச்ச அளவை) +0.7 கூட்டுங்கள். கறுப்புக் காருக்கு −0.7.

6. லென்ஸின் முன் மாட்டும் போலரைசர் ஃபில்டரை மெதுவாகச் சுழற்றினால் கண்ணாடியிலும் பெயின்டிலும் உள்ள பிரதிபலிப்பு குறையும். குரோமில் குறையாது, உலோகத்தின் பிரதிபலிப்புக்கு அது பயன்படாது. பம்பரில் உங்கள் உருவம் தெரிந்தால் அரை அடி விலகி நில்லுங்கள், அடர் நிறச் சட்டை போடுங்கள். பெயின்டின் பிரதிபலிப்பையும் முழுக்க நீக்கிவிடாதீர்கள். போனட்டின் உருண்டையான வளைவைக் கண்ணுக்குக் காட்டுவதே அதில் ஓடும் அந்த ஒளிக்கோடுதான்.

7. முழு உருவம் முடிந்ததும் க்ரில், டேஷ்போர்டு, கதவுக் கைப்பிடி என்று நெருங்குங்கள். டேஷ்போர்டு எடுக்கும்போது எதிர்க் கதவைத் திறந்து வைத்தால் போதிய வெளிச்சம் வரும். அசல் பெயின்டில் உள்ள சிறு உதிர்வுகளை எடிட்டிங்கில் அழிக்காதீர்கள். அசல் தன்மைக்கு அவைதான் சாட்சி. நம்பர் பிளேட்டை மட்டும் மறைத்துவிட்டுப் பகிருங்கள்.