எலியட்டின் பூனைக் கவிதையை எப்படிப் படிக்கக் கூடாது

டி.எஸ். எலியட்டின் ‘தி நேமிங் ஆஃப் கேட்ஸ்’, 1939-இல் வெளியான அவருடைய பூனைப் பாடல் தொகுப்பின் முதல் கவிதை. ஒவ்வொரு பூனைக்கும் மூன்று பெயர்கள் வேண்டும் என்கிறது, அவ்வளவுதான். எளிமையாக இருப்பதாலேயே அவசரமாகப் படித்து, நல்ல இடங்களைத் தவறவிடுகிறார்கள்.

அதிகம் குழம்புவது பெயர்களை வகை பிரிப்பதில். பீட்டர், ஜேம்ஸ் எல்லாம் வீட்டில் கூப்பிடும் பெயர்கள், சரி. அடுத்து பிளேட்டோ, அட்மீட்டஸ், எலெக்ட்ரா, டிமீட்டர் என்று வந்ததும் இரண்டாம் வகை தொடங்கிவிட்டதாக நினைத்துவிடுகிறோம். இல்லை. கொஞ்சம் பகட்டானவை என்றாலும் இவையும் அன்றாடப் பெயர்களே என்று கவிதை சாதிக்கிறது. கிரேக்க ஞானியும் சோக நாடக நாயகியும் ஒரு பெண் தெய்வமும் சாதாரண ஜேம்ஸோடு ஒரே வரிசையில் நிற்கிறார்கள். கவிதையின் ஆகச் சிறந்த நகைச்சுவை இதுதான் என்பேன். அதுவும் முகத்தில் சிரிப்பே இல்லாமல் சொல்லப்படுகிறது.

இரண்டாம் வகை மன்கஸ்ட்ராப், குவாக்ஸோ, ஜெல்லிலோரம் போன்றவை. ஒரு பெயர் ஒரு பூனைக்கு மட்டுமே. இவற்றுக்கு அகராதியில் பொருள் தேட வேண்டாம். இப்படி ஒரு பெயர் இல்லாவிட்டால் பூனை எப்படி வாலை நிமிர்த்தி வைத்திருக்கும், மீசையை விரிக்கும், பெருமையைக் காக்கும் என்று கவிதையே காரணம் கேட்கிறது. 1981-இல் லண்டனில் மேடையேறிய ‘கேட்ஸ்’ இசை நாடகத்தில் இவற்றில் சில பெயர்கள் பாத்திரங்களாகிவிட்டன. அந்தக் குணங்களைக் கவிதைக்குள் கொண்டுவராதீர்கள். இங்கே அவை வெறும் பெயர்கள்தான்.

மூன்றாவது பெயர் பூனைக்கு மட்டுமே தெரியும், யாருக்கும் சொல்லாது. அதை விடுகதையாக நினைத்து விடை தேடினால் ஏமாற்றம்தான். குழந்தைகளுக்கான விளையாட்டு என்று தள்ளிவிடுவதும் தவறு. ஞானப்பிள்ளைகளுக்காக, அதாவது ஞானஸ்நானத்தின்போது தான் ஞானத்தந்தையாகப் பொறுப்பேற்ற குழந்தைகளுக்காக, எலியட் எழுதிய பாடல்கள் இவை என்பது உண்மை. ஆனால் 1927-இல் இங்கிலாந்துத் திருச்சபையில் சேர்ந்த, ஆழ்ந்த பக்தியுள்ள கவிஞரும் அவரே. வாக்குக்கு எட்டாத ஒரு பெயரைப் பற்றி அவர் எழுதும்போது, விளையாட்டும் பயபக்தியும் சேர்ந்தே ஒலிக்கின்றன. பூனை முழுமையாக நமக்குச் சொந்தமில்லை என்ற மரியாதையும் அதில் இருக்கிறது.

அப்புறம், மனதுக்குள் படிக்காதீர்கள். வரிகள் குதிரைப் பாய்ச்சலில் ஓடுகின்றன. கடைசியில் ஒரே ஒலி அடுக்கடுக்காக வந்து நாக்கு இடறும். இடறட்டும், வேகத்தைக் குறைக்க வேண்டாம்.