தேரை எச்சத்தில் குடற்புழு பார்ப்பது எப்படி?

ஐப்பசி மழை விட்ட ஒரு விடியற்காலை. கோபிசெட்டிபாளையம் பக்கத்து எங்கள் சாளை (தோட்டத்து வீடு) வாசலில் குத்தவைத்து ஒரு குச்சியால் எதையோ புரட்டிக்கொண்டிருந்தேன். பால் ஊற்ற வந்த அக்கா, "ஏனுங் தம்பி, எலிப் புழுக்கைங்களா?" என்றார். "இல்லீங்கக்கா, தேரை எச்சம்." அதற்குமேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை.

தவளை, தேரைகளின் குடலில் வாழும் உருளைப்புழுக்களைப் பற்றித் தெரிந்துகொள்ள யாரையும் அறுக்க வேண்டாம். புழுவின் முட்டையும் இளம்புழுவும் எச்சத்தோடு தாமாகவே வெளியே வந்துவிடும். தேரையைத் தொடக்கூட வேண்டியதில்லை.

முதலில் எச்சம். ராத்திரி வாசல் விளக்குக்கு அடியில் பூச்சி தின்ன வரும் தேரை, காலையில் கறுப்பாக, சுண்டுவிரல் தடிமனில் போட்டுவிட்டுப் போயிருக்கும். உடம்பைப் பார்த்தால் நம்ப முடியாத அளவு! உடைத்தால் எறும்புத் தலையும் வண்டு ஓடுமாக மினுங்கும். சிமெண்ட் தரையில் ஈரமாக இருப்பதை மட்டும் எடுங்கள். மண்ணில் கிடந்ததை எடுக்காதீர்கள். மண்ணிலேயே சுதந்திரமாக வாழும் உருளைப்புழுக்கள் ஏராளம். அவை ஏறிக்கொண்டால் எது தேரையுடையது, எது மண்ணுடையது என்று பிரிக்க முடியாது. என் முதல் "கண்டுபிடிப்பு" இப்படித்தான் பாழாயிற்று.

கையுறை போட்டுக்கொண்டு, லிட்டருக்கு 6.5 கிராம் உப்புக் கரைத்த தண்ணீரில் எச்சத்தைக் கரையுங்கள். டீ வடிகட்டியில் வடித்து அரைமணி நேரம் அசைக்காமல் வையுங்கள். மேல்தண்ணீரை மெதுவாகச் சாய்த்துவிட்டு, அடிவண்டலில் ஒரு சொட்டைக் கண்ணாடி ஸ்லைடில் விட்டு, கவர் ஸ்லிப் என்ற மெல்லிய கண்ணாடித் துண்டால் மூடுங்கள். மைக்ராஸ்கோப்பில் முதலில் 10 மடங்கு லென்ஸ், பிறகு 40. வெளிச்சத்தைக் கொஞ்சம் குறைத்தால்தான் முட்டையின் மெல்லிய ஓடு தெரியும்.

நீள்வட்ட முட்டைக்குள் உருண்டை உருண்டையாகச் செல்கள் இருக்கலாம். இளம்புழு என்றால் சாட்டை சொடுக்குவதுபோல் இருபக்கமும் வளைந்து நெளியும். மண்புழுவைப்போல் சுருங்கி நீளாது. உருளைப்புழுவுக்கு நீளவாக்குத் தசை மட்டுமே உண்டு, வளையத் தசை இல்லை. அசையாத "புழு" பெரும்பாலும் பூச்சி முடி. தட்டையாக, இலைபோல் வழுக்கிக்கொண்டு நீந்துவது ஓபலைனா. அதுவும் குடல்வாசிதான், ஆனால் புழு அல்ல, ஒருசெல் உயிர்.

பெயர் வைக்க அவசரப்படாதீர்கள். தவளை, தேரைகளின் உருளைப்புழுக்களில் ஆஸ்வால்டோகுரூசியா சிறுகுடலில் வாழ்வது, காஸ்மோசெர்க்கா மலக்குடலில். ராப்டியாஸ் இருப்பதோ நுரையீரலில்; அதன் முட்டைகள் தொண்டைக்கு ஏறி, விழுங்கப்பட்டு, குடல் வழியாக வெளியேறுகின்றன. ஆகவே எச்சத்தில் நெளிவதெல்லாம் குடற்புழு ஆகாது. இனம் சொல்ல முதிர்ந்த புழு, அதிலும் பெரும்பாலும் ஆண்புழுவின் வால்நுனி வேண்டும். நோட்டில் "உருளைப்புழு, இளம்புழு" என்று எழுதி, தேதியும் இடமும் போட்டால் போதும்.

முடிந்ததும் எல்லாவற்றிலும் கொதிதண்ணீர் ஊற்றி, கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். தேரை எச்சத்தில் சால்மோனெல்லா பாக்டீரியா இருக்கலாம். அந்த டீ வடிகட்டி மறுபடி அடுப்படிக்குப் போகக் கூடாது. எங்கள் அம்மிச்சிக்கு நான் புதிதாக ஒன்று வாங்கிக் கொடுத்துவிட்டேன்.