கியோட்டோவில் பழைய வீட்டில் தங்க விரும்புவோருக்கு

பத்மநாபபுரம் அரண்மனையைச் சிறு வயது முதல் பார்த்து வளர்ந்தவர்களுக்குப் பழைய மர வேலையையும் பழையது போலச் செய்த புது வேலையையும் ஓரளவு பிரித்தறியத் தெரியும். ஜப்பானின் கியோட்டோவில் தங்குமிடம் தேடும்போது அந்தக் கண் மட்டும் போதாது. அங்கே ஒரு விடுதி முந்நூறு ஆண்டுப் பழமை உடையதாகச் சொல்லிக்கொண்டால், அது பெரும்பாலும் அந்தத் தொழிலை வழிவழியாக நடத்திவரும் குடும்பத்தின் வயதாக இருக்குமேயன்றி, நாம் படுக்கப்போகும் அறையின் வயதாக இருக்காது.

இதற்குக் காரணம் தீ. 794-இல் தலைநகராகி, ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் பேரரசர்கள் வாழ்ந்த அந்த நகரத்தின் பெரும்பகுதி 1788-இல் எரிந்தது; 1864-இல் நடந்த கலவரத்தின்போது நகரின் நடுப்பகுதி மீண்டும் எரிந்தது. இரண்டாம் உலகப் போரின் குண்டுவீச்சிலிருந்து கியோட்டோ பெரிதும் தப்பியது என்பது உண்மையே. ஆனாலும் நடுப்பகுதியில் இன்று நிற்கும் மர வீடுகளில் பெரும்பாலானவை 1864-க்குப் பின் எழுந்தவை. ஆகவே முன்பதிவுக்கு முன் மூன்று கேள்விகளை மின்னஞ்சலில் தனித்தனியே கேட்க வேண்டும்: விடுதி எப்போது தொடங்கியது, இப்போதுள்ள கட்டடம் எப்போது கட்டப்பட்டது, கடைசியாக எப்போது புதுப்பிக்கப்பட்டது. பதிவுபெற்ற பண்பாட்டுச் சொத்தாகக் கட்டடங்களை அரசு பட்டியலிடும் முறை 1996-இல் வந்தது. பொதுவாக ஐம்பது ஆண்டு கடந்தவையே அதில் இடம்பெறும். அந்தப் பதிவு உண்டா என்றும் கேட்டுக்கொள்ளலாம்.

வணிகர்களும் கைவினைஞர்களும் வாழ்ந்த மச்சியா வீடுகளைத்தான் நம்மவர்கள் அதிகம் விரும்புவார்கள் என்பது என் எண்ணம். தெருவை நோக்கிய முகப்பு ஒடுக்கமாகவும் உள்நீளம் மிகுதியாகவும் இருப்பதால் விலாங்கு மீனின் படுக்கை என்று அவற்றை அவ்வூரார் கேலியாகச் சொல்வதுண்டு. நடுவில் உள்ள சிறு தோட்டம் வெளிச்சத்தையும் காற்றையும் உள்ளே கொண்டுவரும். நாலுகெட்டு வீட்டின் நடுமுற்றத்தில் அமர்ந்தவர்களுக்கு அதன் பயனை விளக்க வேண்டியதில்லை. ஆனால் மாடிப்படி ஏணியைப் போலச் செங்குத்தாக இருக்கும். முழங்கால் வலி உள்ள பெரியவர்களோடு செல்வோர் தரைத்தளத்தில் படுக்கையறையும் கழிப்பறையும் உண்டா என்று உறுதிசெய்யாமல் பணம் கட்டக் கூடாது. ஜனவரி இரவுகளில் வெப்பம் ஒன்றிரண்டு டிகிரிக்கு இறங்கும் ஊரில், பழைய மரத்தரை வழியாக ஏறும் குளிர், மார்கழிப் பனியையே குளிர் என்று எண்ணும் நமக்குப் பெருந்தொல்லை. சுவர்களும் மெலிதானவை; அண்டை வீட்டார் உறங்கும் தெரு அது என்பதை மறந்து இரவில் உரக்கப் பேசினால் புகார் வரும்.

ரியோகான் எனப்படும் மரபு விடுதியில் கட்டணம் பொதுவாக அறைக்கு அன்று, ஆளுக்கு. இரவு உணவும் காலை உணவும் அதில் சேர்ந்திருக்கும். அறையின் அளவைத் தரையில் பதித்த டாடாமி என்னும் பாய்களின் கணக்கில் சொல்வார்கள். ஆறு பாய் அறை என்றால் ஏறத்தாழ 10 சதுர மீட்டர். மாலையில் மெத்தையைத் தரையிலேயே விரித்துத் தருவார்கள். குளியலறை பொதுவானதாக இருந்தால், உடலை வெளியே நன்றாகக் கழுவிய பிறகே வெந்நீர்த் தொட்டியில் இறங்க வேண்டும்; அது கூச்சமாக இருப்பவர்கள் தனிக் குளியலறை உள்ள அறையையே கேட்க வேண்டும்.

உணவில்தான் கவனம் மிகுதியாக வேண்டும். மீன் உண்போருக்குக் கவலையில்லை. சைவம் உண்போரோ, காய்கறி என்று வரும் கிண்ணத்திலும் தாஷி என்னும் சாறு கலந்திருக்கும் என்பதை அறிந்திருக்க வேண்டும். அது பெரும்பாலும் கடற்பாசியோடு, புகையிட்டு உலர்த்திய சூரை மீனைச் சீவிப் போட்டுக் காய்ச்சுவது. நம் கடற்கரையில் மாசி என்று சொல்வதற்கு நெருங்கிய உறவு. எனவே மீன் வேண்டாம் என்று மட்டும் எழுதினால் போதாது, மீன் சாறும் வேண்டாம் என்று எழுத வேண்டும். அதற்கு இயலாது என்று பதில் வந்தால் வருந்த வேண்டாம். உணவில்லாக் கட்டணத்தில் தங்கலாம், அல்லது துறவியர் மரபுச் சைவ உணவு தரும் கோயில் விடுதியைத் தேடலாம். அங்கே பூண்டு, வெங்காயம்கூட இராது. விடியற்காலை வழிபாட்டிலும் கலந்துகொள்ளலாம்.

கட்டணத்தோடு நகராட்சியின் தங்கல் வரியும் உண்டு. 2026 மார்ச் முதல் அது தங்கும் கட்டணத்துக்கேற்ப ஓர் ஆளுக்கு ஓர் இரவுக்கு 200 யென் தொடங்கி 10,000 யென் வரை போகிறது. விலையுயர்ந்த ரியோகானில் இது சிறு தொகை அன்று.

திருவனந்தபுரத்திலிருந்து சிங்கப்பூர் அல்லது கோலாலம்பூர் வழியாகக் கான்சாய் விமான நிலையம் சேர்ந்த பின்னும், கியோட்டோவுக்கு விரைவு ரயிலில் ஒன்றேகால் மணி நேரத்துக்கும் சற்றுக் கூடுதலாக ஆகும். ரியோகானிலோ இரவு உணவு ஆறு, ஏழு மணிக்கே தொடங்கிவிடும். தாமதமாகச் சென்றால் உணவும் கிடைக்காது, அதற்கான பணமும் திரும்பாது. ஆகையால் முதல் இரவைச் சாதாரண விடுதியில் கழித்து, பெரிய பெட்டிகளை அங்கேயே விட்டு, மாற்றுடையோடு மட்டும் மறுநாள் ரியோகானுக்குப் போவது நல்லது. பெட்டியின் சக்கரங்களை டாடாமிப் பாய்மீது உருட்டவும் கூடாது.