ஆர்கானிக் வாங்குறப்போ காசு எங்கெல்லாம் வீணாகுது?

ஆர்கானிக்னாலே விலை ஜாஸ்திதான், அது எல்லாருக்கும் தெரியும். ஆனா அந்த விலையை விட நாம வாங்குற விதத்துலதான் நிறைய காசு போகுதுன்னு எனக்குப் புரியவே ரொம்ப நாள் ஆச்சு.

நிறைய பேர் பண்ற தப்பு, ஏதோ ஒரு வீடியோவைப் பாத்து பயந்துபோய் ஒரே வாரத்துல கிச்சனையே மாத்துறது. அரிசி, பருப்பு, எண்ணெய், காய்னு எல்லாத்தையும் மாத்திட்டு ரெண்டாவது மாசம் பட்ஜெட் தாங்காம மொத்தத்தையும் விட்டுடுவாங்க. அப்படி வேண்டாங்க. தோலோட அப்படியே சாப்பிடுற ஆப்பிள், திராட்சை, ஸ்ட்ராபெர்ரி, அப்புறம் கீரை, இதுலதான் பூச்சிமருந்து எச்சம் பொதுவா அதிகமா இருக்கும், அதனால காசு கம்மியா இருந்தா முதல்ல இதை மாத்துங்க. வெங்காயம், அன்னாசி மாதிரி தோலை உரிச்சு தூக்கிப் போடுறதுல எச்சம் ரொம்ப கம்மி, அதுக்குப் போய் கூடுதல் விலை எதுக்கு?

அடுத்தது லேபிள். "நேச்சுரல்", "ஃபார்ம் ஃப்ரெஷ்"னு பாக்கெட்ல அச்சடிச்சிருந்தா மட்டும் அது ஆர்கானிக்னு அர்த்தம் இல்ல. நிஜமா ஆர்கானிக் பண்ற விவசாயி நிலத்தை மாத்தவே 2, 3 வருஷம் ஆகும், அந்த வருஷங்கள்ல விளையுறதை ஆர்கானிக்னு விக்கவும் முடியாது, கையால களை எடுக்குற கூலி, வருஷா வருஷம் ஆய்வு, சர்டிஃபிகேட் செலவு எல்லாம் சேந்துதான் அந்த விலை. அந்த உழைப்புக்கு கொடுக்குற காசு எனக்கு உறுத்தாது, வெறும் பச்சை கலர் பாக்கெட்டுக்கு கொடுக்குறதுதான் உறுத்தும். சர்டிஃபிகேட் முத்திரை இருக்கான்னு பாருங்க, பின்னாடி இருக்குற பொடி எழுத்தையும் படிங்க. அமெரிக்காவுல ஒரு பொருளை ஆர்கானிக்னு விக்க 95 சதவீதம் ஆர்கானிக்கா இருக்கணும், ஆனா "ஆர்கானிக் பொருட்கள் கொண்டு செஞ்சது"ன்னு போட 70 போதும், ரெண்டும் ஒண்ணு இல்ல.

ஆர்கானிக் பிஸ்கட், சிப்ஸும் அப்படித்தான். சர்க்கரை ஆர்கானிக்கா இருந்தாலும் சர்க்கரைதான்.

விலை குறையுதுன்னு மொத்தமா வாங்குறதுலயும் கவனம் வேணும். நான் ஒரு தடவை 5 கிலோ பருப்பு வாங்கி வெச்சேன், ரெண்டு மாசம் கழிச்சு டப்பாவைத் திறந்தா அடியில மாவு மாதிரி தூள், ஒவ்வொரு பருப்புலயும் குண்டூசி குத்தின மாதிரி ஓட்டை, மூடியில வண்டு ஊருது. மிச்சம் பிடிச்சதை விட அன்னிக்குக் கொட்டினதுதான் அதிகம். இப்பல்லாம் ஒரு மாசத்துக்குத் தேவையானதை மட்டும் வாங்கி நல்லா வெயில்ல காயவெச்சுதான் டப்பாவுல போடுறேன்.

இன்னொண்ணு, ஆர்கானிக்னா மருந்தே அடிக்கலைன்னு நினைச்சு கழுவாம சாப்பிடாதீங்க. வேப்பெண்ணெய், செம்பு கலந்த மருந்துன்னு அதுலயும் அனுமதிச்ச மருந்துகள் இருக்கு, மண்ணும் கிருமியும் எப்படியும் இருக்கும்.

எல்லாத்தையும் விட எனக்கு மனசு கஷ்டமா இருக்குறது, ஆர்கானிக் கட்டுப்படியாகலன்னு குழந்தைக்கு பழத்தையே குறைக்கிறவங்களைப் பாக்கும்போதுதான். தயவு செஞ்சு அதைப் பண்ணாதீங்க, சாதாரண பழத்தையே ஓடுற தண்ணியில நல்லா தேய்ச்சுக் கழுவி தாராளமா கொடுங்க.