பேல் ஏல் பியரை எப்படிச் சுவைப்பது?

லாகர் என்ற கசப்புக் குறைந்த பியர் மட்டுமே குடித்துப் பழகியவர்களுக்கு, ஹாப்ஸ் (பியருக்குக் கசப்பும் வாசனையும் தரும் ஒரு கொடியின் பூ) தூக்கலான பேல் ஏலின் முதல் வாய் கசக்கத்தான் செய்யும். அதோடு கிளாஸைத் தள்ளி வைத்துவிடாதீர்கள். இதன் அருமை விழுங்கிய பிறகுதான் தெரியும்.

பழகுவதற்கு நான் சொல்வது சியரா நெவாடா பேல் ஏல். கலிஃபோர்னியாவின் சிக்கோ நகரில் 1980இல் கென் கிராஸ்மன் காய்ச்சத் தொடங்கியது. ஆல்கஹால் 5.6 சதவீதம். அமெரிக்கப் பேல் ஏலுக்கு இன்றும் இதுதான் அளவுகோல்.

1. வாங்கும்போது தேதியைப் பாருங்கள். நாளாக ஆக ஹாப்ஸ் வாசனை மங்கிவிடும். வெயில் படும் இடத்தில் வைத்த பாட்டிலும் வேண்டாம். வெளிச்சம் பட்டால் ஹாப்ஸின் கசப்புப் பொருள் சிதைந்து நாற்றம் வந்துவிடும். பாட்டில் பழுப்பு நிறத்தில் இருப்பதே அதைத் தடுக்கத்தான்.

2. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்துப் பத்து நிமிடம் வெளியே வையுங்கள். சில்லென்று இருந்தால் வாசனை எழும்பாது.

3. எண்ணெய்ப் பிசுக்கில்லாத கிளாஸைச் சாய்த்துப் பிடித்து ஊற்றி, பாதிக்கு மேல் நிமிர்த்துங்கள். இரண்டு விரல் உயரம் நுரை வரட்டும். அடியில் கொஞ்சம் வண்டல் தெரிந்தால் கெட்டுப்போனது என்று நினைக்க வேண்டாம், அது ஈஸ்ட். பாட்டிலுக்குள்ளேயே இரண்டாம் முறை நொதிக்க வைப்பதால் தங்குவது.

4. அடுத்தது முகர்வது. அவசரப்படாதீர்கள். பம்பளிமாஸ் தோலை நகத்தால் கீறினால் எண்ணெய் தெறிக்கும் இல்லையா, அந்த வாசனை முதலில் வரும். பின்னாலேயே பைன் மரப் பிசின். இரண்டும் கேஸ்கேட் என்ற ஹாப்ஸ் ரகம் தருவது. அமெரிக்காவின் ஆரிகான் மாநிலத்தில் உருவாக்கி 1972இல் வெளியிட்ட ரகம் அது. ஹாப்ஸை நெடுநேரம் கொதிக்கவிட்டால் கசப்பு இறங்கும், வாசனை ஆவியாகிவிடும். அதனால்தான் கடைசியிலும் ஒரு பங்கு சேர்க்கிறார்கள்.

5. இப்போது ஒரு வாய். உடனே விழுங்காமல் நாக்கு முழுக்கப் பரவ விடுங்கள். மால்ட், அதாவது முளைகட்டி உலர்த்திய பார்லி, முதலில் தெரியும்: ரொட்டியின் பொரிந்த ஓரம், லேசான கேரமல். அதன்மேல் கசப்பு ஏறும். சரி, இப்போது விழுங்கிவிட்டுப் பத்து வரை எண்ணுங்கள். இனிப்பு எங்கே போனது என்றே தெரியாது. வாய் உலர்ந்து சுத்தமாக இருக்கும். ‘ட்ரை’ என்று சொல்வது இதைத்தான். சர்க்கரையில் பெரும்பகுதியை ஈஸ்ட் தின்றுவிட்டது.

இங்கே பலரும் குழம்புவது கசப்பையும் துவர்ப்பையும். நெடுநேரம் ஊறிய தேயிலை நாக்கை இழுத்துப் பிடிக்குமே, அது துவர்ப்பு. நல்ல பேல் ஏலில் அது மேலோங்கக் கூடாது. கசப்பு வர வேண்டும், கொஞ்சம் நிற்க வேண்டும், விட்டுவிட வேண்டும். இந்த வித்தியாசம் பிடிபட்டுவிட்டால் எந்தப் பேல் ஏலையும் நீங்களே எடைபோடலாம்.

நடுநடுவே தண்ணீரும் வெறும் ரொட்டியும் போதும். காரமான எதையும் முதல் தடவை தொட வேண்டாம், கசப்பு காரத்தைக் கிளப்பிவிடும்.

6. பாதி கிளாஸை அப்படியே கால் மணி நேரம் விட்டுவிட்டு மறுபடியும் முகருங்கள். பம்பளிமாஸ் பின்வாங்கி, முன்பு ஒளிந்திருந்த கேரமல் மேலே வந்திருக்கும்.