பழைய எம்எக்ஸ்-5 வாங்குகிறீர்களா? பானெட்டை மூடிவிட்டுக் கீழே குனியுங்கள்

ஏப்ரலில் இரண்டு நாள் வெயில் அடித்தால் போதும், இங்கிலாந்தில் கூரை திறக்கும் கார் தேடி ஒரு கூட்டம் கிளம்பிவிடும். கையில் 2,500 அல்லது 3,000 பவுண்டு. சுற்றிச் சுற்றி அவர்கள் வந்து நிற்பது மாஸ்டா எம்எக்ஸ்-5 முன்னால்தான். 1989 முதல் 1997 வரை வந்த, முகப்பு விளக்கு எழும்பி நிற்கும் மார்க் 1. அல்லது 1998 முதல் 2005 வரை வந்த மார்க் 2. தேர்வில் குற்றமில்லை. பின்சக்கர ஓட்டம், எடை சுமார் ஒரு டன், உதிரிபாகம் மலிவு. குற்றமெல்லாம் பார்க்கும் விதத்தில்தான். நாம் ஒரு காலத்தில் செய்த அதே தவறுகளைப் புதியவர்கள் வரிசை மாறாமல் செய்கிறார்கள். ஓட்டிப் பார், ரசீது கேள் என்பதையெல்லாம் இங்கே எழுதவில்லை. அது எல்லோருக்கும் தெரியும்.

எஞ்சின் சத்தத்துக்குப் பயந்து நல்ல காரை விட்டுவிடுவது

குளிரில் ஸ்டார்ட் செய்தவுடன் தையல் மெஷின் போல டிக் டிக் என்கிறதா? மார்க் 1-ல் அது வால்வை இயக்கும் ஹைட்ராலிக் டேப்பட்டில் ஆயில் ஏறத் தாமதமாவது, அவ்வளவுதான். சூடானதும் அடங்கினால் கவலை வேண்டாம். ஆயிலை மாற்றினால் பெரும்பாலும் குறையும். எஞ்சினின் பின்பக்கம் ஆயில் வழிந்தால் ‘கிராங்க் ஷாஃப்டின் பின்பக்க சீல் போச்சு, கியர்பாக்ஸை இறக்கணும்’ என்று ஒருவர் பயமுறுத்துவார். மார்க் 1-ல் முதலில் பார்க்க வேண்டியது, சிலிண்டர் ஹெட்டின் பின்புறம் இருக்கும் கேம் சென்சாரின் ஓ-ரிங். சில பவுண்டு விலையுள்ள ரப்பர் வளையம் அது. காய்ந்து இறுகியதும் கசியும். ஆயில் நேராகக் கீழே கியர்பாக்ஸ் மேல் வடியும். கிளட்ச் மிதி தரையோடு போய் ஒட்டிக்கொண்டால், பெரும்பாலும் கிளட்சை இயக்கும் ஸ்லேவ் சிலிண்டர்தான். அதுவும் மலிவு.

இந்தக் காரில் பணத்தைத் தின்பது எஞ்சின் அல்ல, தகடு.

புதிதாக அடித்த கறுப்புப் பூச்சை நம்புவது

எத்தனை முறை சொன்னாலும் எரிச்சல் தீராத தவறு இது.

கதவுக்குக் கீழே, முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே ஓடுகிற பெட்டித் தகட்டை ‘சில்’ என்பார்கள். கூரை இல்லாத காரில் உடல் வளையாமல் தாங்குவதில் பெரும்பங்கு இதற்குத்தான். வெளித்தகடு, நடுவில் வலுவூட்டும் தகடு, உள்தகடு என்று மூன்று அடுக்கு. மழைநீர் துணிக்கூரையின் அடியோரம் ஓடி, இருக்கைகளுக்குப் பின்னால் இரு பக்கமும் உள்ள வடிகால் குழாய் வழியாகப் பின் சக்கரத்துக்குச் சற்று முன்னால் தரையில் விழ வேண்டும். மரத்தடியில் நிற்கும் காரில் இலைத்தூளும் பாசியும் அந்தக் குழாயை அடைத்துக்கொள்ளும். வழியில்லாத தண்ணீர் நிரம்பி, சில்லின் பின்முனைக்குள் இறங்கித் தேங்கும். அங்கிருந்து உள்ளேயிருந்து வெளியே அரிக்கும். பின் சக்கர வளைவோரம் பெயின்ட் கொப்பளிக்கிறது என்றால் துரு ஆரம்பிக்கிறது என்று அர்த்தமில்லை. உள்ளே வேலையை முடித்துவிட்டு வெளியே வந்திருக்கிறது.

வழக்கமாக நடப்பது இதுதான். விற்பவர் ஓட்டையை ஃபில்லர் என்ற நிரப்புப் பசை வைத்து மூடி, அடிப்பக்கம் முழுக்கக் கறுப்பு அண்டர்சீல் பூச்சு அடிக்கிறார். கார் எம்ஓடி என்ற வருடாந்தரத் தகுதிச் சோதனைக்குப் போகிறது. சோதிப்பவர் எதையும் கழற்றிப் பார்க்க முடியாது. தடித்த பூச்சு மூடியதை அவரால் காண முடியாது. ‘பன்னிரண்டு மாத எம்ஓடி, அடிப்பக்கம் புதிதாகப் பூசப்பட்டது’ என்று விளம்பரம் வருகிறது. வாங்குபவர் பானெட்டைத் திறந்து எஞ்சினின் பளபளப்பைப் பார்த்துப் பணத்தைக் கொடுக்கிறார். அடுத்த வருடம் சில் விரலால் அழுத்தினாலே உள்ளே போகிறது. இரு பக்கமும் முறையாக வெட்டி, உள்தகடும் சேர்த்து வெல்டிங் செய்து, பெயின்ட் அடித்தால் ஆயிரம் பவுண்டைச் சுலபமாகத் தாண்டும். வெளித்தகட்டின் மேல் மட்டும் ஒரு துண்டை ஒட்டிக் கொடுப்பவரிடம் போனால் முந்நூறில் முடியலாம். உள்ளே துரு தொடரும், மறுபடியும் வருவீர்கள்.

பார்க்கும் முறை:

பழைய போர்வை ஒன்று, டார்ச், துணி சுற்றிய சின்ன காந்தம், அரை லிட்டர் தண்ணீர் பாட்டில் எடுத்துப் போங்கள். சில்லின் பின் மூன்றில் ஒரு பங்கில் காந்தத்தை மெல்ல நகர்த்துங்கள். சட்டென்று பிடி விட்டால் அங்கே இருப்பது இரும்பல்ல, ஃபில்லர். அடியில் இரு தகடுகள் சேரும் விளிம்பைப் பாருங்கள். ஃபேக்டரியில் வந்தது மெல்லிய, நேரான மடிப்பாக, ஸ்பாட் வெல்டிங் புள்ளிகளோடு இருக்கும். அது தடித்தோ மறைந்தோ போயிருந்தால் யாரோ கை வைத்திருக்கிறார்கள். பிறகு இருக்கைக்குப் பின்னால் வடிகால் வாயில் தண்ணீரை ஊற்றுங்கள், ஒவ்வொரு பக்கமும் தனித்தனியே. சில நொடிகளில் கீழே சொட்ட வேண்டும். வரவில்லை என்றால் எங்கே போகிறது என்று யோசித்துக்கொள்ளுங்கள். தண்ணீர் ஊற்றக் கூடாது என்று விற்பவர் சொன்னால் கை குலுக்கிவிட்டுக் கிளம்பலாம்.

அடைப்பை எடுக்கக் கம்பி விடாதீர்கள், குழாய் கிழியும். புல்வெட்டும் மெஷினுக்குப் போடுகிற நைலான் நரம்பு போதும். காற்றழுத்தமும் வேண்டாம், குழாய் கழன்றுவிடும்.

போகும் முன்பே அரசுத் தளத்தில் காரின் எண்ணைப் போட்டால், 2005-க்குப் பிறகான எம்ஓடி வரலாறு இலவசமாகக் கிடைக்கும். மூன்று வருடம் ‘துரு’ என்று எச்சரிக்கை வந்து, நான்காம் வருடம் திடீரென்று சுத்தமாகத் தேறியிருந்தால், வெல்டிங் ரசீதும் படங்களும் கேளுங்கள். இல்லை என்றால் அது பூச்சுதான்.

மார்க் 2-ல் சில்லோடு நிறுத்திவிடுவது

மார்க் 2-க்கு முன்பக்க சேஸிஸ் ரெயிலும், அதாவது எஞ்சினின் இரு பக்கமும் நீளவாக்கில் ஓடும் பெட்டித் தகடும், அரிக்கும். வளைவில் கார் அதிகம் சாயாமல் பிடிக்கும் ஆன்டி ரோல் பார் மாட்டியிருக்கும் இடத்தின் அருகே தகடு இரட்டையாக இருப்பதால் ஈரம் நடுவில் மாட்டிக்கொள்கிறது. அடியிலுள்ள பிளாஸ்டிக் தட்டு அதை மறைத்துவிடும். தட்டைக் கழற்ற விற்பவர் ஒப்புக்கொண்டால் மட்டும் விலை பேசுங்கள்.

‘ஜப்பான் இறக்குமதி, துருவே இல்லை’

ஜப்பானில் யூனோஸ் ரோட்ஸ்டர் என்ற பெயரில் விற்ற மார்க் 1 கார்கள் இவை. வந்தபோது உண்மைதான். இருபது வருடமாக இங்கிலாந்தின் உப்புச் சாலையில் ஓடிய பிறகும் அதையே சொல்வது வேடிக்கை.

ஆரம்பகால 1.6 லிட்டர் எஞ்சினில் கிராங்க் முனையைப் பார்க்காதது

1990–91 காலத்துக் கார்களில் கிராங்க் ஷாஃப்டின் மூக்கு, அதாவது புல்லி மாட்டும் முன்முனை, குட்டை. டைமிங் பெல்ட் மாற்றும்போது போல்ட்டைச் சரியாக இறுக்காமல் விட்டால் புல்லியைப் பூட்டிவைக்கும் சாவிக்காடி தேய்ந்து அது ஆடும், டைமிங் நழுவும். முன்புறப் புல்லியில் நாலு காடி இருந்தால் குட்டை மூக்கு, எட்டு இருந்தால் நீளமானது. எஞ்சின் ஓடும்போது புல்லி தள்ளாடினால் வேண்டாம்.

எல்லா 1.6-ம் ஒன்று என்று நினைப்பது

இங்கிலாந்தில் 1995-க்குப் பிறகு விற்ற மார்க் 1-ன் 1.6-க்கு சுமார் 90 குதிரைத்திறன்தான். முந்தையதற்கு 115.

பேட்டரியைப் பார்க்காதது

மார்க் 1-ல் அது டிக்கியில். காற்றுக்குழாய் மாட்டாத சாதாரண பேட்டரி வைத்திருந்தால் அதன் கீழே தகட்டை அமிலம் தின்றிருக்கும்.

மாற்றங்களை இன்சூரன்ஸில் சொல்லாதது

சொல்லுங்கள்.

பின் ஜன்னலின் ஜிப்பைத் திறக்காமல் கூரையை மடிப்பது

மார்க் 1-ன் பிளாஸ்டிக் ஜன்னல், அதுவும் குளிரில், ஒரே மடிப்பில் வெடிக்கும். புதுக் கூரைக்குச் சில நூறு பவுண்டு. விற்பவர் உங்கள் முன்னால் கூரையை மடிக்கும்போது ஜிப்பைத் தொடுகிறாரா என்று கவனியுங்கள். தொடவில்லை என்றால் காரை இன்னொரு சுற்று பாருங்கள்.